தண்ணீர் குடித்துக்கொண்டே ஏற்காடு ஏறலாம்: சேலத்து கேம்பர்வேனில் அம்மாவோடு

பயணம் என்று கிளம்பினால் நம் வீட்டுப் பெண்கள் முதலில் குறைப்பது தண்ணீரை. காலையில் ஒரு வாய் காபி, அதோடு சரி. வழியில் எங்கே இறங்குவது, அந்த இடம் எப்படி இருக்கும், பூட்டியிருந்தால் என்ன செய்வது என்ற கவலையில் நாள் முழுக்க நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூட்டுவலிக்காரர்கள் பயணத்தையே விட்டுவிடுவார்கள். நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வைத்தியத்துக்கு வரும் வயதான அம்மாக்கள் பலர், "ஏற்காட்டுக்குப் போயி எத்தனையோ வருசமாச்சு கண்ணு" என்பார்கள். அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றாலே தெரிகிற மலை அது.

அதனால் சேலத்திலேயே கேம்பர்வேன், அதாவது உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதி வைத்த வண்டி, வாடகைக்குக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் நான் படுக்கையைப் பற்றியோ ஏசியைப் பற்றியோ கேட்கவில்லை. "உள்ளே டாய்லெட் இருக்கா? உட்காருற உயரம் எவ்வளவு?" என்று கேட்டேன். போனில் பேசிய பையன், "ஒரு நிமிசம் இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் ஏறி, டேப் வைத்து அளந்து, 18 அங்குலம் என்றான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே முன்பணம் கட்டினேன். தரையிலிருந்து 18 அங்குலம் என்றால், முழங்கால் தேய்ந்தவர்கள் யாரையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்துகொள்ளலாம்.

அண்ணன் தம்பி இருவர் நடத்தும் சின்ன நிறுவனம். நான் சொன்ன குறைகள் சிலவற்றை இப்போது சரிசெய்துகொண்டிருக்கிறார்கள் என்பதால் பெயரை எழுதவில்லை. வண்டி ஃபோர்ஸ் டிராவலர், நீளமான மாடல். உள்வேலை முழுவதும் நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நடந்திருக்கிறது. வண்டிக்குள் ஏறினதுமே அது தெரிகிறது. நல்ல விதமாகத்தான் சொல்கிறேன். கீல், கொண்டி எல்லாம் கனம். மலைப்பாதையில் ஒரு அலமாரிக் கதவுகூடத் திறந்துகொள்ளவில்லை, ஒரு டம்ளர் உருளவில்லை. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்குப் பேர்போனவை, திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு. மாதக்கணக்கில் வடக்கே ஓடும் டிரைவர்களுக்குப் படுக்கவும் சமைக்கவும் இடம் வைத்துக் கட்டித் தருகிறவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். வண்டியிலேயே வாழ்வது எப்படி என்பது அவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை.

உள்ளே, முன்பக்கம் பார்த்த சீட்டுகள் நான்கு, நான்குக்கும் பெல்ட். பின்னால் குறுக்குவாட்டில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கும் படுக்கை. பக்கவாட்டு பெஞ்சை இழுத்துவிட்டால் இன்னொன்று. ஒற்றை அடுப்பு, 5 கிலோ சிலிண்டர், சின்ன ஃபிரிட்ஜ், 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கழுவிய தண்ணீர் போய்ச் சேர வண்டிக்கு அடியில் தனித் தொட்டி. மெத்தை விரிப்புகள் வெயிலில் காயவைத்த வாசனையோடு இருந்தன. போனவர்கள் நான், அம்மா, சித்தி, என் மகள். டிரைவர் அண்ணனையும் நிறுவனத்தாரே அனுப்புகிறார்கள். மலைக்கு என்றால் வண்டியை நம் கையில் தருவதில்லை. அது சரியான முடிவு.

கழிவறையைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் யாரும் எழுதுவதில்லை. இதைக் கேசட் டாய்லெட் என்கிறார்கள். இருக்கைக்குக் கீழே 20 லிட்டர் பிடிக்கும் மூடிய பெட்டி. அதில் முன்கூட்டியே ஒரு ரசாயனத் திரவம் ஊற்றியிருப்பார்கள். அது கழிவைக் கரைத்து நாற்றத்தையும் அடக்கும். உபயோகித்து முடித்ததும் ஒரு பிடியைத் திருப்பினால் நடுவிலிருக்கும் தகடு மூடிக்கொள்ளும், அதனால் ஓடும் வண்டியில் எதுவும் மேலே தெறிக்காது. பெட்டி நிறைந்தால் வண்டிக்கு வெளியே இருக்கும் சின்னக் கதவைத் திறந்து இழுத்து, கழிவறையிலோ செப்டிக் டேங்கிலோ கொட்ட வேண்டும். எங்களை அதைத் தொடவே விடவில்லை. "நீங்க நிறைச்சுட்டுக் கொண்டு வாங்கக்கா, மத்தது எங்க வேலை" என்றான் தம்பி. நான்கு பெண்கள், அதில் இருவருக்கு இரவில் பல தடவை எழும் பழக்கம். அப்படியிருந்தும் ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. பிறகு நாங்கள் தங்கிய எஸ்டேட்டின் செப்டிக் டேங்கில் டிரைவர் அண்ணன் கொட்டிக் கழுவி மாட்டினார். உள்ளே நாற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சித்தி கூச்சப்பட்டுக்கொண்டே போய் வந்து, "நம்ம வீட்டுதைவிட இது சுத்தமா இருக்குதுடி" என்றார்.

சித்திக்குச் சர்க்கரை. இனிமேல் அவரோடு வேறு எந்த வண்டியிலும் நான் மலையேற மாட்டேன்.

மின்சாரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: கூரையில் சோலார் பலகை, உள்ளே 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டரை யூனிட். விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் இரவு முழுக்கத் தாராளம். ஆனால் கீசரும் ஏசியும் அதில் ஓடாது, வெளியே 15 ஆம்பியர் பிளக் கிடைக்கும் இடத்தில்தான். கேஸ் கீசர் வைக்கச் சொல்லிச் சில வாடிக்கையாளர்கள் கேட்டார்களாம், இவர்கள் மறுத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கும்பிடு. அடைத்த சின்ன அறைக்குள் கேஸ் எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. குளிக்கப் போனவர் உள்ளேயே மயங்கி விழுந்துவிடுவார். வேறு எங்கே கேம்பர்வேன் எடுத்தாலும் இதை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவுகளை நான் இவ்வளவு கவனிக்கக் காரணம் உண்டு. கேம்பர்வேனில் நான் முதலில் போனது ஜெர்மனியில். என் சொந்தத் தம்பி ஷ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறான். அவன் குடும்பத்தோடு வேன் எடுத்து பாடன்-பாடன் போனோம். பிளாக் ஃபாரஸ்ட் மலையை ஒட்டிய வெந்நீர் ஊற்று நகரம். ரோமானியர்கள் கட்டிய குளியல் கூடங்களின் இடிபாடுகள் இன்றும் அந்த ஊரின் தரைக்குக் கீழே இருக்கின்றன. 2021இல் யுனெஸ்கோ ஐரோப்பாவின் 11 ஊற்று நகரங்களை ஒன்றாகச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தபோது இதுவும் அதில் வந்தது. எரிமலையெல்லாம் அங்கே இல்லை. நிலத்துக்குள் மிக ஆழம்வரை இறங்கிய மழைநீர் பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு பாறைப் பிளவுகள் வழியே மேலே வருகிறது. வரும்போது 68 டிகிரி வரை கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதை ஆறவைத்துத்தான் குளங்களில் விடுகிறார்கள்.

அங்கே பெரிய குளியல் கூடங்கள் இரண்டு. ஃபிரீட்ரிக்ஸ்பாட் 1877இல் திறந்தது. வெந்காற்று, நீராவி, வெந்நீர், குளிர்நீர் என்று 17 கட்டங்களாகப் போகும் முறை, உடையில்லாமல் குளிக்க வேண்டும். நான் போனது 1985இல் திறந்த காரகல்லா. அங்கே குளங்களில் நீச்சல் உடை உண்டு. நீரில் இடுப்பளவு நின்றால் நம் எடையில் ஏறக்குறையப் பாதியை நீரே தாங்கிக்கொள்ளும், நெஞ்சளவு நின்றால் மூன்றில் இரண்டு பங்கை. கல்லூரியில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய விஷயம்தான். ஆனால் கைத்தடியைக் கரையில் சாய்த்து வைத்துவிட்டு, அந்த வெதுவெதுப்பான நீருக்குள் பாட்டிகள் பேசிக்கொண்டே நிமிர்ந்து நடந்ததைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் அம்மா சேலம் அம்மாபேட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து பல வருடம் வெண்பட்டு வேட்டி நெய்தவர். நாளெல்லாம் மிதியை மிதித்த கால்கள். அவரை அந்தக் குளத்தில் ஒரு அரை மணி நேரம் நிறுத்தியிருந்தால் போதும் என்று இருந்தது.

அந்த ஊரில் எனக்குப் பிடித்த இன்னொன்று, வேன்களை நிறுத்திய இடம். வெறும் சமதளமான திடல்தான். மெஷினில் பணம் கட்டினால் சீட்டு வரும். ஒரு மூலையில் தண்ணீர்க் குழாய், பக்கத்தில் கழுவிய நீரை விடுவதற்குத் தரையில் கம்பிச் சட்டம், கேசட்டைக் கொட்டுவதற்கு மூடியோடு தனித் துளை. ஒவ்வொரு வண்டியாக வந்து வேலையை முடித்துக்கொண்டு நகர்கிறது. வாடகை வேன் 3.5 டன்னுக்குள் இருப்பதால் சாதாரணக் கார் லைசென்ஸோடு தம்பியே ஓட்டினான். திடலில் நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் வயதானவர்கள், கணவனும் மனைவியுமாக. சொகுசு வண்டியென்றும் சொல்ல முடியாது, பழையவையும் நிறைய. கம்பிச் சட்டமும் குழாயும் ஊருக்கு ஊர் இருந்துவிட்டால் பழைய வண்டியே போதும்தானே.

சரி, நம் மலைக்கு வருவோம்.

சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் சொச்சம். அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி அடிவாரம் வந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 7 மீட்டர் நீள வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் ரோட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. எதிரே பஸ் வந்தால் டிரைவர் அண்ணன் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிட்டார். தண்ணீர்த் தொட்டியைப் பாதிதான் நிரப்பிக்கொண்டு ஏறினார், மீதியை மேலே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று. 50 கிலோ குறைந்தால் இன்ஜினுக்கு அவ்வளவு லேசு, வளைவில் ஆட்டமும் குறையும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து வந்தார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன, அவர் கண்டுகொள்ளவில்லை. அம்மாவுக்கு வளைவில் வயிற்றைப் பிரட்டும். முன்னால் பார்த்த சீட், நல்ல கண்ணாடி, இடையில் ஒரு தடவை ஒதுக்கி நிறுத்தி ஐந்து நிமிடம் படுத்து எழுந்தது, இவை போதுமாக இருந்தன. ஆனால் ஒன்று, வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். சமையல் பக்கத்து ஜன்னலை மூடிக்கொண்டே ஏறுங்கள்.

ஏற்காட்டில் கேம்பர்வேனுக்கென்று பொது நிறுத்துமிடம் இல்லை. ஏரிக்கரைப் பக்கம் சனி ஞாயிறு சாதாரணக் காருக்கே இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் இவர்கள் ஒரு காபி எஸ்டேட்டோடு பேசி, காபி காயவைக்கும் சிமெண்டுக் களத்தில் வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த யோசனை. களம் சமதளமாக இருக்கும், மழை பெய்தாலும் சக்கரம் புதையாது, தண்ணீர் வசதியும் பிளக்கும் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் அறுவடைக் காலத்தில், மார்கழி, தை மாதங்களில், களம் முழுக்கப் பழம் காயும், அப்போது இடம் கிடையாது. நாங்கள் போனது பங்குனியில். முதல் கோடை மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் காபிச் செடி பூக்கும். சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் கிளை கிளையாக வெள்ளை, மல்லிகையை ஒத்த மணம். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறேன். அந்தப் பூவை இவ்வளவு கிட்டத்தில், விடிகாலை ஐந்தரைக்கு, போர்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கையிலிருந்தே அம்மா பார்த்தார். ஜன்னல் சரியாகப் படுக்கை மட்டத்தில் இருக்கிறது. ஓட்டல் அறையில் இது கிடைக்காது.

"இருட்டினதுக்கப்புறம் வெளியே நடமாடாதீங்கம்மா, காட்டுமாடு வரும்" என்று எஸ்டேட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். உண்மைதான், இரவில் புதர் முறியும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் வெளியே தூரத்தில் இருக்கும் கழிவறைக்கு டார்ச் அடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தால் சித்தி விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். எங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. இரண்டு பேரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பயமில்லாமல் பெரிய டம்ளர் நிறைய மிளகுப் பால் குடித்தார்கள்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வெந்நீர் ஊற்று கிடையாது. சார்னோக்கைட் என்னும் மிகப் பழைய பாறை, மேலே பாக்சைட், கீழே சேலத்துப் பக்கம் வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட். பூமிச் சூட்டை மேலே கொண்டுவர இங்கே வழியில்லை. எங்கள் வெந்நீர் 10 லிட்டர் கீசரிலிருந்துதான். ஆனால் பாடன்-பாடனில் பார்த்த வைத்தியத்தில் எடுத்துக்கொள்ளக்கூடியதை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் களத்தில் நாற்காலி போட்டு, ஆழமான பிளாஸ்டிக் டப்பில் கெண்டைக்கால் வரைக்கும் வெந்நீர், முழங்காலுக்குச் சூடான துண்டு ஒத்தடம், கால் மணி நேரம், பிறகு நீருக்குள்ளேயே பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி. எடையைத் தாங்கும் வேலையை டப் செய்யாது, அது குளத்தால்தான் முடியும். சூடு செய்யும் வேலையைச் செய்யும். ஒரு எச்சரிக்கை: சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், சூடு தெரியாமல் வெந்துபோகும். சித்திக்கு நான் என் முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் வைத்தேன். இதயக் கோளாறு, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெந்நீர்க் குளமானாலும் டப்பானாலும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

அடுத்த நாள் சேர்வராயன் கோயில். மலையிலேயே உயரமான இடம், 1,623 மீட்டர். இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் கும்பிடும் சேர்வராயனும் காவேரியம்மனும் குகைக்குள் இருக்கிறார்கள். வண்டி கோயிலுக்குக் கிட்டத்தில் போகிறது. மகள் கையைப் பிடித்துக்கொள்ள, அம்மா மெதுவாக நடந்து போய்ச் சாமி பார்த்தார். எவ்வளவோ வருடம் கழித்து. வண்டிக்குத் திரும்பி வந்ததும் படுக்கையில் காலை நீட்டிவிட்டார். மலைப்பயணத்தில் முதியவர்களுக்கு நடுநடுவே இந்த அரை மணி நேரப் படுக்கை கிடைப்பதில்லை, அதனால்தான் மத்தியானத்துக்கு மேல் சோர்ந்து எரிச்சலாகிவிடுகிறார்கள். கிளியூர் அருவிக்கு நானும் மகளும் மட்டும் இறங்கிப் போனோம், அது செங்குத்தான இறக்கம். திரும்பி வந்தபோது அம்மாவும் சித்தியும் ஒற்றை அடுப்பில் குக்கர் வைத்து அரிசிம்பருப்பு சோறு செய்திருந்தார்கள். காருக்குள் வேர்த்துக்கொண்டு காத்திருக்கும் ஆட்களாக அவர்கள் இல்லை, வீட்டிலிருந்து எங்களை எதிர்பார்த்தவர்களாக இருந்தார்கள். லேடீஸ் சீட் என்ற மலைக்காட்சி இடத்தில் இருட்டும்வரை இருந்து சேலத்து விளக்குகளைப் பார்த்தோம். அம்மாபேட்டை எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்கும் சண்டை.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை ஏறும் படி. தரையிலிருந்து முதல் படி 15 அங்குலம் இருந்தது. முழங்கால் தேய்ந்தவரால் அதில் ஏற முடியாது. மரத்தில் ஒரு மணை கொடுத்தார்கள், அது ஆடியது. கழிவறை உயரத்தை அவ்வளவு சரியாக வைத்தவர்கள் படியை யோசிக்கவில்லை. கதவுப் பக்கத்தில் ஒரு கைப்பிடிதான், இரண்டு பக்கமும் வேண்டும். கழிவறைக்குள்ளும் இடது பக்கம் இன்னொன்று வேண்டும். குளிக்கும் இடத்தின் வடிகால் ஒரே மூலையில் இருப்பதால், வண்டி சற்றுச் சரிவில் நின்றாலும் தண்ணீர் தேங்குகிறது. ஜெர்மன் வண்டியில் சக்கரத்துக்கு அடியில் ஏற்ற ஆப்பு வடிவப் பலகைகளும் ரசமட்டமும் கொடுத்திருந்தார்கள், இங்கே டிரைவர் அண்ணன் கல் தேடி வைத்தார். கொசுவலை ஒரு ஜன்னலில் கிழிந்திருந்தது. முன்பணம் திரும்பி வர நான் பல தடவை போன் செய்ய வேண்டியிருந்தது, அதை நிறுவனத்துத் தம்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அனுப்பினாலும் தாமதம் தாமதம்தான்.

டிரைவர் தங்கும் விஷயத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நான்கு பெண்கள் படுக்கும் வண்டியில் அவர் எங்கே படுப்பார்? சில இடங்களில் முன் சீட்டிலேயே சுருண்டு படுக்கச் சொல்வார்களாம். மறுநாள் 20 வளைவு இறங்க வேண்டியவர் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். எஸ்டேட்டில் அவருக்கு ஒரு அறை கேட்டு வாங்கினோம்.

வாடகை ஒரு இரவுக்கு 9,000 ரூபாய், டிரைவர் பேட்டா 1,000, எஸ்டேட்டுக்கு 1,500, டீசல் நம்முடையது. சீசனில் இரண்டு அறையும் ஒரு காரும் எடுப்பதோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்டச் சமம்தான் வரும். இளவயதுக்காரர்கள், குழந்தைகள் மட்டும் என்றால் அறையே எடுங்கள், இதில் அவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்காரர்கள், சிறுநீர்த் தொந்தரவு உள்ளவர்கள் இருக்கும் குடும்பம் என்றால் யோசிக்கவே வேண்டாம். இன்னொன்று, எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் மோட்டார் கேரவன் (கேம்பர்வேனுக்குப் பதிவில் வரும் பெயர்) என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இதற்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தரம் இருக்கிறது. வெறும் டூரிஸ்ட் வேனுக்குள் அடுப்பும் சிலிண்டரும் வைத்து ஓட்டினால் விபத்தின்போது இன்சூரன்ஸில் சிக்கல் வரும். இவர்கள் கேட்டதும் எடுத்துக் காட்டினார்கள்.

எப்போது போகலாம் என்றால், மாசி, பங்குனி நல்லது. மே மாதக் கோடை விழா சமயம் வேண்டாம். கூட்டத்தைச் சமாளிக்க ஏறுவதற்கு அடிவாரப் பாதை, இறங்குவதற்குக் குப்பனூர் பாதை என்று மாற்றிவிடுவார்கள், நீள வண்டியோடு அந்த நெரிசலில் மாட்டினால் நாள் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கேட்கும் இ-பாஸ் ஏற்காட்டுக்கு நாங்கள் போனபோது கேட்கவில்லை.

கேரளா 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை கொண்டுவந்து, வாகமண்ணில் கேரவன் நிறுத்த ஒரு பார்க்கும் திறந்துவிட்டது. நம் மாநிலத்தின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இருக்கிறது. ஏற்காட்டில் ஒரே ஒரு திடல் வேண்டும். பத்து வண்டி நிற்கட்டும். ஒரு குழாய், ஒரு கம்பிச் சட்டம், கேசட் கொட்ட செப்டிக் டேங்கோடு சேர்ந்த ஒரு துளை. இதைச் செய்யாவிட்டால் வண்டிகள் பெருகப் பெருகக் கழிவு ஓடையில்தான் போகும், அந்த ஓடைகள் ஏரிக்கும் அருவிக்கும் போகிறவை. வண்டி நடத்துபவர்கள் எல்லோரும் இந்த அண்ணன் தம்பி அளவுக்கு அக்கறையோடு இருப்பார்கள் என்று நம்பி மலையை விட முடியாது.

அம்மா அடுத்து கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வண்டி அங்கே போகாது, 70 வளைவுகளில் இவ்வளவு நீளத்தைத் திருப்பச் சிரமம் என்று நிறுவனத்து அண்ணனே மறுத்துவிட்டார். சின்ன வண்டி ஒன்று அதே நாமக்கல் பட்டறையில் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறார்கள். படி 7 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, மடக்கி இழுக்கும் இரும்புப் படியாக இருக்க வேண்டும், கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும் என்று நான் வரைந்து கொடுத்திருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்கள். படி பொருத்திய பிறகு அம்மாவைக் கூட்டிப்போய் ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.